காதுப் பஞ்சுக்கு அடியில் 277

டேப்பக்காவுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். கத்துகிறவர்களையாவது நாலு வார்த்தை சொல்லிச் சமாதானப்படுத்திவிடலாம். இவள் கோபம் வந்தால் கையில் இருக்கிற வேலையை இன்னும் மெதுவாக, இன்னும் சுத்தமாகச் செய்வாள். டேப் ஒட்டினால் ஒவ்வொரு ஓரத்தையும் கட்டைவிரலால் இரண்டு தடவை அழுத்துவாள். அந்த அழுத்தலைப் பார்த்ததும் பழைய ஆட்கள் கேட்க வந்ததைக் கேட்காமலே ஸ்டோர் ரூம் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. மற்றபடி எல்லோருக்கும் அவள் டேப்பக்காதான். வளையல் போடுகிற கையில் ஒரு மஞ்சள் டேப் சுருளை மாட்டிக்கொண்டு திரிந்தால் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? கரண்ட் வேலை செய்கிறவர்கள் கம்பியில் சுற்றும் டேப் அது. அவள் வேலை பார்த்தது ஊர்ப்பட்ட கம்பெனிகளுக்காகப் போன் எடுத்துப் பதில் சொல்கிற ஆபீசில். மூன்று மாடி, முந்நூற்று இருபத்தாறு நாற்காலி, ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு வயர் இல்லாத ஹெட்செட். அந்த ஹெட்செட்டுகளைக் கொடுப்பது, வாங்குவது, துடைப்பது, பழுது பார்ப்பது, ஆயுள் முடிந்தால் ஒழுங்காக வழியனுப்புவது எல்லாம் டேப்பக்காவின் பொறுப்பு.

அவளும் ஒரு காலத்தில் போன் எடுத்தவள்தான். அப்போது ஒரே ஹெட்செட்டை மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர் மாட்டுவார்கள். முந்தினவரின் வியர்வை ஈரம் காய்வதற்குள் அடுத்தவர் காதில் அது ஏறியாக வேண்டும். யாரிடமிருந்தோ தொற்றின சீழ் அவளுடைய இடது காதில் குடியேறியது. லீவு கேட்டதற்கு, "வலது காதுல மாட்டிக்கோங்க" என்றார்கள். நாலு மாதத்தில் இடது காது பாதி செத்துப்போனது. பாதிக் காதை வைத்துக்கொண்டு போன் எடுக்க முடியாது என்று ஸ்டோர் ரூமுக்குத் தள்ளினார்கள்.

ஸ்டோருக்கு வந்த முதல் வாரமே அவள் செய்த காரியம், ஒவ்வொரு ஹெட்செட்டிலும் காதுப் பஞ்சைக் கழற்றி, அடியில் அழியாத மையால் நாற்காலி நம்பரை எழுதியதுதான். அதற்குள் மூன்று ஷிப்டு போய், நாற்காலிக்கு ஒரே ஆள் என்று ஆகியிருந்தது. இந்த ஹெட்செட் இந்த நாற்காலிக்கு, இந்தப் பஞ்சு இந்தக் காதுக்கு. மாற்றி மாட்டினால் பஞ்சைத் தூக்கிப் பார்த்துப் பிடித்துவிடுவாள். வெளியே ஒட்டியிருந்த கம்பெனி ஸ்டிக்கரும் வரிசை எண்ணும் கணக்குக்காரர்களுக்கு. பஞ்சுக்கு அடியில் இருந்த நம்பர் அவளுக்கும் போன் எடுக்கிறவர்களுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். மேலே உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் ஹெட்செட்டைக் கழற்றிப் பார்த்ததே இல்லை. அவர்கள் ஏன் பார்க்கப் போகிறார்கள்?

ஏழு எழுதினால் நடுவில் ஒரு குறுக்குக்கோடு போடுவது அவள் பழக்கம். ஒன்றுக்கும் ஏழுக்கும் குழப்பம் வரக் கூடாது என்று.

வீட்டில் அவளும் தம்பியும் தம்பி மனைவியும் குழந்தையும். கல்யாணமாகி மூன்றாம் வருஷம் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு டேப்பக்கா தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றபோது, அவன் ஏன், என்ன, எவ்வளவு நாள் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. முன்னறையிலிருந்த தன் கட்டிலைப் பின்னறைக்கு இழுத்துப் போட்டுவிட்டு, "ஃபேன் கொஞ்சம் சத்தம் போடும்க்கா, உனக்குத்தான் ஒரு காது கேக்காதே" என்றான். ஊரில் அத்தனை பேரும் துருவித் துருவிக் கேட்டபோது கேட்காமல் இருந்தவன் அவன் ஒருவன். அதற்காகவே அவன் மேல் அவள் உயிரை வைத்திருந்தாள்.

தம்பி குப்பை வண்டியில் வேலை. வண்டியின் பின்னால் தொங்கிக்கொண்டு வந்து, பைகளைத் தூக்கி உள்ளே போட்டு, நெம்புகோலை இழுப்பான். இரும்புத் தகடு இறங்கிக் குப்பையை நசுக்கி உள்ளே தள்ளும். அக்கா ஆபீசின் தெருவும் அவன் வண்டியின் பாதையில்தான் இருந்தது. வாரத்தில் இரண்டு நாளாவது மாடி ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போவான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தது. வயர் இல்லாத கருவிகளுக்கு அனுமதி கொடுக்கிற அலுவலகத்தின் கடிதம். இந்தப் பழைய ஹெட்செட்டுகள் ஓடுகிற அலைவரிசையை வேறு வேலைக்கு ஒதுக்கியாகிவிட்டது, மாதக் கடைசிக்குள் அத்தனையையும் உபயோகத்திலிருந்து எடுக்க வேண்டும். எடுத்தால் மட்டும் போதாது, உரிமம் பெற்ற மின்கழிவு நிறுவனத்திடம் ஒப்படைத்ததற்கு அத்தாட்சி காட்ட வேண்டும். இல்லையென்றால் ஆபீசுக்கு வயர்லெஸ் அனுமதியே கிடையாது.

மின்கழிவுக்காரர்களிடம் ஒரு கண்டிப்பு உண்டு. ஹெட்செட்டை முழுசாகக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். திருகாணியைக் கழற்றி, கட்டைவிரல் நகம் அளவு பேட்டரியை வெளியே எடுத்து, அதன் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, காய்ந்த மணல் போட்ட டின்னுக்குள் ஒன்றோடொன்று உரசாமல் அடுக்க வேண்டும். உப்பிப்போன பேட்டரி இருந்தால் அதற்குத் தனி டின். பார்த்தால் மிட்டாய் மாதிரி இருக்கும் அந்தச் சின்னச் சாமான் நசுங்கினாலோ ஓட்டை விழுந்தாலோ சீறிக்கொண்டு எரியும், தண்ணீர் ஊற்றினாலும் லேசில் அடங்காது. ஒவ்வொரு ஹெட்செட்டிலும் குப்பைத்தொட்டிக்குக் குறுக்கே கோடு போட்ட படம் அச்சாகியிருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் டேப்பக்கா அதைக் காட்டி, "இதுக்கு என்ன அர்த்தம் தெரியுமா? குப்பையில போட்டா யாரோ ஒருத்தர் கை போகும்னு அர்த்தம்" என்பாள். அந்த யாரோ ஒருவர் யார் என்று அப்போது அவளுக்கே தெரியாது.

ஒரு ஆளாக உட்கார்ந்து நாளைக்கு நாற்பது, முப்பத்தைந்து என்று கழற்றினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நூற்று நாற்பது முடிந்திருந்தது. நூற்று எண்பத்தாறு பாக்கி. நிர்வாக மேலாளர் வந்தார். எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம், பாத்துக்கலாம்" என்பதால் அவருக்குப் பாத்துக்கலாம் சார் என்றே பெயர். கூரை ஒழுகினாலும் பாத்துக்கலாம், லிஃப்ட் நின்றாலும் பாத்துக்கலாம். கடைசியில் எதையும் பார்க்கிறவர் அவராக இருந்ததில்லை.

"சார், இன்னும் அஞ்சு நாள் குடுங்க. மிச்சத்தையும் கழட்டிடுறேன்."

"திங்கக்கிழமை நான் அத்தாட்சி அனுப்பியாகணும்மா. நாளைக்கு வண்டி வருது. மிச்சத்த அவங்களே கழட்டிக்குவாங்க, பேசிட்டேன். நீங்க எப்பவும் போல படிவத்துல கையெழுத்துப் போட்டு வெச்சிட்டுப் போங்க."

எப்பவும் போல. இந்த இரண்டு சொல்லில்தான் அவள் விழுந்தாள். மின்கழிவு வண்டி எப்போதும் சனிக்கிழமை வரும், அவளுக்குச் சனி ஞாயிறு விடுமுறை. அதனால் வெள்ளிக்கிழமையே ஒப்படைப்புப் படிவத்தில் எண்ணிக்கையை எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிடுவாள். திங்கட்கிழமை வந்தால் அவர்கள் கொடுத்த ரசீது அதன் மேல் குத்தியிருக்கும். ஆறு வருஷமாக அப்படித்தான். ஒரு தடவையும் பிசகியதில்லை. காதுப் பஞ்சைக்கூடத் தூக்கிப் பார்க்காமல் நம்பாதவள், முந்நூற்று இருபத்தாறு என்று எழுதி, சாமான் அறையை விட்டுப் போவதற்கு முன்பே கையெழுத்தைப் போட்டாள். "வெளிய இருக்கிற கம்பெனி ஸ்டிக்கரெல்லாம் உரிச்சிருங்க, நம்ம பேரு வெளிய போகக் கூடாது" என்று பாத்துக்கலாம் சார் சொன்னபோதும் சரி என்று உட்கார்ந்து உரித்தாள்.

திங்கட்கிழமை ஸ்டோர் காலி. படிவம் மேலே போயிருந்தது. ரசீது எங்கே என்று கேட்டாள். "வரும்மா, பாத்துக்கலாம்."

புதன்கிழமை காலை பத்தேகால். ஆபீசுக்கு இரண்டு தெரு தள்ளி, தம்பி நெம்புகோலை இழுத்தான். தகடு இறங்கியது. உள்ளே ஏதோ பட்பட் என்று வெடித்து, வெள்ளைப் புகை சீறிக்கொண்டு வந்தது. பக்கத்தில் சின்னக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற காப்பகம். வண்டி முழுக்கக் காகிதமும் பிளாஸ்டிக்கும். தீ உள்ளே பரவினால் டீசல் டாங்கி வரை போகும். தம்பி தகட்டை மேலே ஏற்றிவிட்டு, எரிகிற கறுப்புப் பையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து ரோட்டில் போட்டான். உருகின பிளாஸ்டிக் கையுறையோடு சேர்ந்து தோலில் ஒட்டிக்கொண்டது. அந்தக் கையாலேயே வண்டியைத் தட்டி, டிரைவரை முன்னால் போகச் சொன்னான்.

இப்படிச் செய்த மனிதனுக்கு மாலை போட வேண்டாம், ஒரு வாய்த் தண்ணீராவது கொடுத்து நன்றி சொல்லியிருக்கலாம். குப்பைக் கிடங்கின் சூப்பர்வைசர் அறிக்கை எழுதினார்: பணியின்போது புகைபிடித்ததால் தீ. காரணம், தம்பியின் சட்டைப் பையில் ஒரு லைட்டர் இருந்தது. குழந்தை பிறந்த அன்றைக்கே சிகரெட்டை விட்டவன் அவன். வண்டியில் தார்ப்பாய் கட்டுகிற நைலான் கயிற்றின் நுனி பிரிந்துபோகாமல் இருக்க, எல்லாத் தொழிலாளியும் ஒரு லைட்டர் வைத்திருப்பான், நுனியைச் சுட்டு ஒட்ட வைப்பான். சூப்பர்வைசருக்கு அது தெரியாதா? நன்றாகத் தெரியும். அவரே அந்த வேலையிலிருந்து வந்தவர்தான். ஆனால் சிகரெட் என்று எழுதினால் ஒரு பக்கத்தில் விஷயம் முடியும். வண்டியில் என்ன எரிந்தது, எங்கிருந்து வந்தது என்று யாரும் தேட வேண்டியதில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை விசாரணை என்றும், குற்றத்தை ஒத்துக்கொண்டால் வேலை நீக்கத்தோடு விட்டுவிடுவோம், இல்லையென்றால் போலீஸ் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

இரண்டு கையும் முழங்கை வரை கட்டோடு தம்பி வீட்டுக்கு வந்தான். மனைவிதான் சோறு ஊட்டினாள். சனிக்கிழமை சாயங்காலம் டிரைவர் பார்க்க வந்தார். ஒரு பிளாஸ்டிக் உறையை மேஜை மேல் வைத்தார்.

"அன்னிக்கு ரோட்டுல கெடந்துச்சுப்பா. அந்தப் பையிலேருந்து விழுந்தது. நான் சாட்சி சொல்ல வரமாட்டேன், எனக்கும் புள்ளைங்க இருக்கு. ஆனா இத உங்கிட்ட குடுக்காம தூக்கம் வரல."

உள்ளே ஒரு ஹெட்செட். ஒரு பக்கம் கருகி உருகியிருந்தது. மறுபக்கம் முழுசாக இருந்தது.

"பாத்தியாக்கா, இதான் வெடிச்சது" என்றான் தம்பி. "கருவேப்பிலையாட்டம் தூக்கி எறிஞ்சிருக்கான். இதப் போட்டவன் மட்டும் என் கையில கெடச்சான்னா..." என்று ஆரம்பித்தவன் கட்டுப் போட்ட கைகளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

டேப்பக்கா அதைக் கையில் எடுத்தாள். ஊரில் ஆயிரம் ஹெட்செட் இருக்கும், நம்முடையதாகவா இருக்கப் போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டே, எரியாத பக்கத்துப் பஞ்சுக்குள் நகத்தை விட்டு நெம்பினாள். பஞ்சு கையோடு வந்தது. 277. இரண்டு ஏழு. ஒவ்வொரு ஏழின் நடுவிலும் குறுக்குக்கோடு.

தம்பியிடம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பஞ்சை அதன் இடத்தில் வைத்து, ஓரம் முழுக்க மெதுவாக அழுத்தினாள், இரண்டு தடவை. தம்பி மனைவி மட்டும் அதைக் கவனித்தாள்.

"என்னக்கா, யார் மேல கோவம்?"

"தெரியலம்மா. நெறைய பேரு மேல."

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக மின்கழிவு நிறுவனத்துக்குப் போனாள். அங்கே இருந்த ஆள் பேரேட்டைப் புரட்டினார். "சனிக்கிழமை வந்தோமே. நூத்தி நாப்பதுதான் எடுத்தோம். மிச்சம் பேட்டரியோட இருந்துச்சு, முடியாதுன்னுட்டோம். கழட்டி டேப் ஒட்டி வைங்க, அடுத்த வாரம் வர்றோம்னு உங்க மேலாளர்கிட்ட சொன்னோமேம்மா. நசுங்குனா தீப்பிடிக்கும்னு ஒண்ணைக் கையில எடுத்துக் காட்டியே சொன்னேன்." ரசீதின் நகலையும் கொடுத்தார். நூற்று நாற்பது என்று அதில் தெளிவாக இருந்தது.

அங்கிருந்து நேராக ஆபீசுக்கு வந்தாள். பாத்துக்கலாம் சாரின் அறைக் கதவைத் தட்டாமல் திறந்தாள். ஆறு வருஷத்தில் முதல் தடவை. மேஜை மேல் ரசீது நகலை வைத்தாள்.

"மிச்சம் நூத்தி எண்பத்தாறு எங்க சார்?"

அவர் ரசீதைப் படித்தார், திருப்பிப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். "கதவைச் சாத்திட்டு உக்காருங்கம்மா."

"நிக்கிறேன் சார்."

"மாசக் கடைசி தெரியுமில்ல? அஞ்சு நாள் உக்காந்து திருகாணி கழட்டிட்டு இருந்தா அனுமதி போயிருக்கும். முந்நூறு குடும்பம் நடுத்தெருவுக்கு வந்திருக்கும். எட்டுப் பையில போட்டுத் தினம் ரெண்டு ரெண்டா அனுப்பச் சொன்னேன். உலகத்துல எல்லாரும் செய்றதுதானே? இப்படி ஆகும்னு யாரு கண்டா?"

"கையில கட்டோட உக்காந்திருக்கிறது என் தம்பி."

அவர் முகம் ஒரு நொடி மாறியது. பிறகு பழையபடி ஆனது. அந்த ஒரு நொடியை நினைத்துத்தான் டேப்பக்காவுக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கும். மனிதனுக்கு உறைக்காமல் இல்லை, உறைத்த பிறகும் துடைத்துப் போட்டுவிட்டான்.

"பாவம்தான். அவருக்கு ஏதாவது பாத்துக்கலாம். ஆனா ஒண்ணு யோசிங்கம்மா. முந்நூத்தி இருபத்தாறும் ஒப்படைச்சாச்சுன்னு படிவத்துல யாரு கையெழுத்து இருக்கு? என்னுதா? நீங்க வாயத் தெறந்தா மொதல்ல மாட்டுறது நீங்கதான். தம்பிக்கு வேலை போச்சு, உங்களுக்கும் போச்சுன்னா வீட்டுல யாரு சம்பாதிப்பா?"

அவள் ரசீது நகலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அவளைச் சுட்டது. கையெழுத்து அவளுடையதுதான். யாரும் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் தம்பி சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் தடுமாறிக்கொண்டிருந்தான். மறுநாள் விசாரணைக்கு ஒத்திகை. "ஒத்துக்கிட்டு கைநாட்டு வெச்சிரலாம்னு இருக்கேன்க்கா. போலீசு கீலீசுன்னா தாங்காது. நீ ஒருத்தி சம்பளத்துல ஓட்டிக்கலாம், கொஞ்ச நாளைக்கு." பொத்தானைப் போட்டுவிட்ட அவள் விரல் கழுத்துப் பக்கம் வந்ததும் நின்றது. இப்போது சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. கோபத்துக்குப் பேர்போனவள் அன்றைக்குப் பயந்தாள், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கிடங்கின் விசாரணை அறையில் ஒரு மேஜை, நாலு நாற்காலி, பழைய டயர் வாசனை. விசாரணைக்கு மேலிடத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். பக்கத்தில் சூப்பர்வைசர். வாக்குமூலம் ஏற்கனவே டைப் அடித்துத் தயாராக இருந்தது, தம்பி வாயைத் திறப்பதற்கு முன்பே. கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இடது கட்டைவிரல் நுனியில் மை தடவ சூப்பர்வைசர் டப்பாவைத் திறந்தார்.

"மேடம், ஒரு நிமிஷம்" என்று உள்ளே வந்தாள் டேப்பக்கா.

"யாரும்மா நீங்க? விசாரணை நடக்குதுல்ல?" என்றார் சூப்பர்வைசர்.

"இவனோட அக்கா. ஆனா அதுக்காக வரல. அந்த வண்டியில என்ன எரிஞ்சதுன்னு சொல்ல வந்திருக்கேன்."

ஹெட்செட்டை மேஜையில் வைத்தாள். பஞ்சை உரித்தாள். நம்பரைக் காட்டினாள். அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"நம்பர் யார் வேணும்னாலும் எழுதலாமேம்மா?"

டேப்பக்கா, தயாராக இருந்த வாக்குமூலத்தையே திருப்பிப் போட்டு, அதன் முதுகில் 277 என்று எழுதினாள். இரண்டு ஏழு, இரண்டு குறுக்குக்கோடு. அதன் பக்கத்தில் மூன்று தாள்களை வரிசையாக வைத்தாள். எந்தெந்த நம்பரில் பேட்டரி எடுத்தாகிவிட்டது என்று அவள் எழுதி வைத்த பட்டியல், அதில் 277 இல்லை. மின்கழிவு நிறுவனத்தின் ரசீது, அதில் நூற்று நாற்பது. ஸ்டோரில் அவள் வைத்திருந்த ஒப்படைப்புப் படிவத்தின் நகல், அதில் முந்நூற்று இருபத்தாறு.

"மிச்சம் நூத்தி எண்பத்தாறும் பேட்டரியோட கறுப்புப் பையில கட்டி இவன் வண்டிக்குப் போயிருக்கு மேடம். லைட்டருக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. கயித்து நுனி சுடுறதுக்கு லைட்டர் வெச்சிருக்கான். சார் சட்டைப் பையிலயும் ஒண்ணு இருக்கும், கேட்டுப் பாருங்க."

சூப்பர்வைசரின் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போய், பாதி வழியில் மூக்கைச் சொறிந்துகொண்டு கீழே இறங்கியது.

அதிகாரி படிவத்தைக் கையில் எடுத்தார். "எல்லாத்தையும் ஒப்படைச்சாச்சுன்னு இதுல இருக்கே. இந்தக் கையெழுத்து யாரோடது?"

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் வந்திருந்தாள்.

"என்னோடது மேடம்."

தம்பி மெதுவாகத் தலையைத் திருப்பினான்.

"சாமான் போறதுக்கு முன்னாடியே போட்டேன். எப்பவும் அப்படித்தான் போடுவேன். பாக்காம போட்டேன்."

"இதனால உங்க மேலயும் நடவடிக்கை வரும், தெரியுமில்ல?"

"வரட்டும் மேடம். எழுதிக்கோங்க. ஆனா அந்தக் காகிதத்துல அவன் கட்டைவிரல் படக் கூடாது."

"அக்கா" என்றான் தம்பி. "நீயா? சனிக்கிழமையே தெரியுமா உனக்கு? மூணு நாளா எதுத்தாப்புல உக்காந்து என் மூஞ்சியப் பாத்துட்டு இருந்தியே!" நாற்காலியை முழங்காலால் தள்ளிவிட்டு வெளியே போனான். கதவைத் திறக்கக் கை இல்லாமல் தோளால் மோதித் திறந்தான்.

அதிகாரி நல்ல மனுஷி. கோபக்காரியும்கூட. அந்த இடத்திலேயே எழுந்து, "உங்க ஆபீசுல குப்பை கட்டி வைக்கிற அறையை நான் இப்பவே பாக்கணும்" என்றார். தீ விபத்துக்குப் பிறகு பயந்துபோய்ப் பை அனுப்புவதை நிறுத்தியிருந்தார்கள். ஆபீசின் பின்பக்கம், உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால், கடைசி இரண்டு கறுப்புப் பைகளும் முடிச்சு அவிழ்க்காமல் அப்படியே இருந்தன. அதற்கு முன்னால் திங்களும் செவ்வாயும் போன நாலு பைகள் எந்தக் குப்பை மேட்டில் கிடக்கின்றன என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

பாத்துக்கலாம் சார் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தார். "மேடம், இது கீழ்மட்டத்துல நடந்த கவனக்குறைவு. ஸ்டோர் ஆளுங்க பண்ண தப்பு. பேட்டரி, அது இதுன்னு எங்களுக்கு என்ன தெரியும்? பாத்தா சாதாரண ஹெட்செட்தானே?"

டேப்பக்கா பையை அவிழ்த்தாள். மேலாக இருந்த ஹெட்செட்டின் உடம்பு பிளந்து, உள்ளிருந்து உப்பிப்போன பேட்டரி எட்டிப் பார்த்தது. அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அவரிடம் போனாள். மணிக்கட்டிலிருந்த டேப் சுருளையும் கழற்றினாள்.

"சாதாரண ஹெட்செட்தான் சார். பிடிங்க. பேட்டரிய எடுத்து டேப் ஒட்டுங்க. ஒண்ணே ஒண்ணு."

அவர் இரண்டடி பின்னால் போனார். முதுகு சுவரில் இடித்தது. "அத எதுக்கும்மா கிட்ட கொண்டு வர்றீங்க? வெச்சிருங்க, வெச்சிருங்க. கை பட்டா வெடிச்சிடும்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அதிகாரி தன் நோட்டில் அந்த வாக்கியத்தை அவர் சொன்ன மாதிரியே எழுதிக்கொண்டார்.

"தெரியுதில்ல சார்?" என்றாள் டேப்பக்கா. "தெரிஞ்சுதான் என் தம்பி கையில குடுத்தீங்க."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, முனைகளில் டேப் ஒட்டி, ஓரங்களை அழுத்திவிட்டு அடுத்ததை எடுத்தாள். இரண்டு பையும் முடிய மூன்றரை மணி நேரம் ஆனது. சம்பளம் இல்லாத வேலை, ஏனென்றால் அவளை வேலையை விட்டு நீக்குகிற கடிதம் இரண்டாவது பை அவிழ்க்கும்போதே மேலே டைப் ஆகிக்கொண்டிருந்தது. ஸ்டோர் ஊழியரின் தனிப்பட்ட அலட்சியம் என்று அதில் எழுதியிருந்தார்கள். பாத்துக்கலாம் சாரை வேறு ஊர்க் கிளைக்கு மாற்றினார்கள். அவ்வளவுதான். பதவி உயர்வோடு என்று பிறகு கேள்விப்பட்டாள். அதைக் கேட்டு வயிறு எரியாதவர்கள் இருந்தால் அவர்களுக்கு இந்தக் கதையே தேவையில்லை.

தம்பிக்கு வேலை திரும்பக் கிடைத்தது. இடது கையில் இரண்டு விரல் இனி மடங்காது என்றார்கள். நெம்புகோலை இழுக்க முடியாது என்பதால் கிடங்கு வாசலில் வண்டி எண் குறிக்கிற வேலை கொடுத்தார்கள். டேப்பக்கா இப்போது அந்த மின்கழிவு நிறுவனத்தில் இருக்கிறாள். பெரிய மேஜை, காய்ந்த மணல், வரிசையாக டின்கள். அங்கேயும் அவளுக்கு அதே பெயர்தான். வண்டி கிளம்பி வாசலைத் தாண்டினால்தான் கையெழுத்து, அதுவரை யார் வந்து நின்று கெஞ்சினாலும் பேனா காதோரத்திலிருந்து இறங்காது. கூரியர் கொண்டு வருகிறவன் "போட்டுக் குடுங்கக்கா, லேட் ஆவுது" என்றால், அவன் கண்ணெதிரிலேயே பெட்டியைப் பிரித்துக் கடைசிச் சாமான் வரை எண்ணிவிட்டுத்தான் போடுவாள்.

தம்பி இரண்டு மாதம் அவளோடு பேசவில்லை. முன்னறையைக் காலி செய்யட்டுமா என்று அவள் ஒரு நாள் கேட்டதற்கும் பதில் இல்லை. காலையில் அவன் சட்டையை நீட்டுவான், அவள் பொத்தான் போட்டுவிடுவாள். மடங்காத விரலை வைத்துக்கொண்டு கழுத்துப் பொத்தான் மட்டும் அவனுக்கு இன்றும் வராது.

ஒரு சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அவனாகவே வாயைத் திறந்தான். "இன்னிக்கு எதுலயாவது கையெழுத்துப் போட்டியா?"

தம்பி மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவன் சிரிக்கிறானா, குத்துகிறானா என்று இரண்டு பெண்களுக்கும் புரியவில்லை.

"ரெண்டு எடத்துல போட்டேன்."

"பாத்துட்டா?"

"பாத்துட்டுத்தான்."

அவன் தலையை ஆட்டிவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் இதே கேள்வியைக் கேட்கிறான். மன்னித்துவிட்டேன் என்று அவன் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. கேள்விக்கு மட்டும் ஒரு நாள் தவறாமல் பதில் சொல்கிறாள்.